காணாமல் போன நீலப் பட்டை

எங்கள் அப்பாவின் பேச்சு இரண்டு முறை நின்றுபோனது. முதல் முறை பக்கவாதத்தால். இரண்டாவது முறை கம்ப்யூட்டர் திரையின் அடியில் இருக்க வேண்டிய ஒரு நீலப் பட்டை காணாமல் போனதால். முதலாவதற்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நானே வேறு யாராவது சொல்லக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்பா கடலூர் கோர்ட்டில் தமிழ் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க அடுத்தவர் சொல்வதையே அடித்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அதே ஊரில் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் தன் பங்குப் பேச்சை எல்லாம் சேர்த்துப் பேசித் தீர்ப்பார். குழம்பில் உப்பு, தெருவில் சாக்கடை, டிவியில் செய்தி வாசிப்பவளின் உச்சரிப்பு, எதையும் விட மாட்டார். அம்மா அதற்குச் சரிக்குச் சரி பதில் கொடுப்பாள். அப்படி ஒரு வீடு. அந்த மனிதர் ஒரு மழைக்காலத்துக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கீழே விழுந்தார். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்தோம். வலது கை, வலது கால், நாக்கு மூன்றும் போயின.

"புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. நீங்க பேசுறது எல்லாம் புரியுது. வார்த்தை உள்ள இருக்கு, வெளிய வரலை. அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தோம். கோழி கிளறியதுபோல் வந்தது. ஒரு எழுத்துக்கூட விளங்கவில்லை. அழகான கையெழுத்துக்காரர், தன் எழுத்தைத் தானே பார்க்கச் சகிக்காமல் தாளைக் கசக்கி எறிந்தார். பிறகு பேனாவைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்களும் ஊகத்தில் குடும்பம் நடத்த ஆரம்பித்தோம். தண்ணீரா, ஃபேனா, பெட்பேன் வைக்கவா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். ஆமாம் என்றால் அவர் கண்ணை மூடித் திறப்பார். பல நேரம் எதற்கும் அப்படிச் செய்ய மாட்டார்.

நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளியில் கேள்வித்தாள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அப்பாவுக்கு எழுதத்தானே வராது, அடிக்க வருமே! சிதம்பரம் கீழவீதியில் ஒரு கடையில் சொல்லி, பழைய டிவி மாதிரிக் கனமான மானிட்டரோடு ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து வாங்கினேன். தட்டச்சு மெஷினில் இருக்கும் அதே வரிசையில் தமிழ் அடிக்கிற மென்பொருளையும் கடைக்காரரே போட்டுக் கொடுத்தார். கட்டிலுக்கு எதிரே மேஜையில் வைத்தோம். அடிக்கும்போது மேஜையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துக்கொள்வோம். வெளிச்சம் அவர் கண்ணைக் கூசியதால் திரையின் பின்னணியை முழுக்கக் கறுப்பாக மாற்றினேன். அந்தக் கறுப்புதான் பிறகு எங்களை அப்படி ஏமாற்றப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது மூன்றே காரியம். திரையின் அடியில் நீலப் பட்டை இருக்கிறது. அதன் இடது மூலையில் இருக்கும் பச்சையை அமுக்கினால் பட்டியல் வரும், அதிலிருந்து எழுதும் பக்கத்தைத் திறக்க வேண்டும். பட்டையின் வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு 'அ' இருக்கும், அதை அமுக்கித் தமிழுக்கு மாற்ற வேண்டும். பிறகு அடிக்க வேண்டியதுதான். அந்தப் பட்டைக்கு டாஸ்க்பார் என்று பெயர் என்பதே எனக்கு அது தொலைந்த பிறகுதான் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் அது நீலப் பட்டை.

இடது கையை விசைப்பலகையின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அடித்தார். 'தலையணை உறை அழுக்கு.' மாதக்கணக்கில் பேசாதவரின் முதல் வாக்கியம். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே போய் உறையை மாற்றினாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குச் சத்தம் திரும்பியது. சத்தம் என்றால் தட்டுகிற சத்தம். சாம்பாரில் பெருங்காயம் ஜாஸ்தி, பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை நம் வாசலில் நிறுத்துகிறான், நீ ஏன் இளைத்துவிட்டாய். ஒரு கையால் அவர் அடிக்கும் வேகத்துக்கு அம்மாவால் படிக்க முடியாது. எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த குறை வந்திருக்கும். "முன்னாடியாவது காதைப் பொத்திக்கலாம், இப்ப கண்ண இல்ல பொத்தணும்" என்பாள். எனக்கு அந்த மாதங்களைப் போல நிம்மதியான காலம் வேறு இல்லை.

2007ஆம் வருஷம் பூஜை விடுமுறைக்கு முன்னால் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கம்மாபுரத்தில் வீடு. நல்ல மனிதர். அம்மா தனியாக அப்பாவைத் தூக்கிப் புரட்டி முதுகு வலியோடு அலைவதைப் பார்த்துவிட்டு, எல்லோரும் கம்மாபுரத்துக்கே வந்துவிடச் சொன்னார். "இங்க யாரு இருக்காங்க உனக்கு? அங்க நாங்க நாலு பேரு இருக்கோம், மாத்தி மாத்திப் பாத்துக்கறோம். மச்சானையும் பாத்துக்கறோம், ஒன்னையும் பாத்துக்கறோம். விஜயதசமி போயி வர்ற புதங்கெழம நல்ல நாளு. வேன் அனுப்பறேன்." அம்மா தலையாட்டினாள். எனக்கும் பள்ளிக்குப் பஸ்ஸில் போய்வர முடியும் என்று தோன்றியது. அப்பாவைக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவரே அடித்தார். மாமா இருக்கும்போதே, எல்லோரும் பார்க்க. 'நான் வரமாட்டேன். இது என் வீடு.' மாமா முகம் சுருங்கியது. அம்மா ஏதோ சமாதானம் சொன்னாள். அவர் மறுபடி அடித்தார். 'எங்கும் வரமாட்டேன்.' அதற்குக் கீழே இன்னொரு தரம் அதையே. அம்மாவுக்கு அன்றைக்கு முதுகு பிடித்திருந்தது. ராத்திரியெல்லாம் தூக்கமும் இல்லை. மாமாவின் எதிரில் மரியாதை போனதுபோலவும் இருந்திருக்கும்.

"வாயி போயும் எதிர்ப்பேச்சு போவல பாரு இந்த மனுஷனுக்கு" என்றாள்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமா காபியைக் குடித்து முடிக்காமல் கிளம்பினார். அது வெள்ளிக்கிழமை.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அரிவாள்மணை, என் ஸ்கூட்டி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த வருஷம் கம்ப்யூட்டருக்கும் பொட்டு. பூஜை வேளையில் மெஷின் ஓட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஸ்டார்ட் பண்ணித்தானே கற்பூரம் காட்டுகிறார்கள்? "ஆன் பண்ணி வையிடி" என்றாள். வைத்தேன். நான் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவளே உள்ளே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, மானிட்டர் தலையில் சாமந்திச் சரம் போட்டு, பொரிகடலை படைத்து, சூடம் காட்டினாள். பிறகு அவளே சுவரில் சுவிட்சை அமுக்கிக் கம்ப்யூட்டரை அணைத்தாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. அப்பா கண்ணால் மேஜையைக் காட்டினார். "நாளைக்குத்தாங்க. இன்னிக்கு ஆவாது" என்றாள் அம்மா. முந்தின நாள் சண்டைக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசியது அதுதான்.

ஞாயிறு காலை மறுபூஜை முடிந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரை வந்தது, அதன் மேல் இருக்கும் குட்டிப் படங்கள் வந்தன, அடியில் நீலப் பட்டை இல்லை.

முதலில் பதற்றமே இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். மவுஸின் அம்புக்குறியைத் திரையின் அடிவரைக்கும் கொண்டுபோனேன், அது அப்படியே கீழே இறங்கி மறைந்தது. மேலே இழுத்தால் வந்தது. என்னவோ கிணற்றுக்குள் விட்டு எடுப்பதுபோல இருந்தது. பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கும் டீச்சருக்குப் போன் செய்தேன். "அது மறைஞ்சு இருக்கும், மவுஸக் கீழ கொண்டுபோனா வரும்" என்றாள். வரவில்லை. "அப்ப வைரஸ்தான்" என்று முடித்துவிட்டாள். கீழவீதிக் கடைக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடலூரில் ரிப்பேர் பார்க்கும் இரண்டு இடங்களுக்கு நேரில் போனேன். ஷட்டரில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்த சிவப்போடு பூட்டிக் கிடந்தன. ஆயுதங்களுக்கெல்லாம் பூஜை போட்டுவிட்டு ஆயுதம் பிடிக்கிறவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நடுத்தெருவில் நின்று வாய்விட்டுத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து விசைப்பலகையில் இருந்த ஒவ்வொரு விசையாக அமுக்கிப் பார்த்தேன். சன்னல் படம் போட்ட விசையை அமுக்கியபோது பட்டியல் மேலே எழும்பியது. அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தாலும் எழுதும் பக்கத்தைத் திறக்க முடிந்தது. எனக்கு உயிர் வந்தது. "ப்பா, வந்துடுச்சுப்பா, அடிங்கப்பா" என்று மேஜையை இழுத்து அவர் கையை எடுத்து விசைப்பலகையில் வைத்தேன்.

அடித்தார். திரையில் ஆங்கில எழுத்துக்கள் வந்தன. அர்த்தமில்லாத எழுத்துக்கள், நடுவில் புள்ளியும் அரைப்புள்ளியுமாக. 'அ' இருந்தது பட்டையின் வலது மூலையில், பட்டைதான் இல்லையே! இது எனக்கு உறைப்பதற்குள் அவர் இரண்டு வரி அடித்துவிட்டார். அடித்தபின் திரையைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் தீர்ப்புகளை அடித்த மனிதர். அந்தக் குப்பையை மெல்ல ஒரு தரம் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார், பிறகு கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரிப்பேருப்பா. நாளைக்கு எடுத்துட்டுப் போயி சரி பண்ணிடறேன்" என்றேன். அவர் திரும்பவில்லை. பகல் சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. சாயங்காலம் அம்மா கஞ்சி கொடுத்தபோது உதட்டின் ஓரம் வழியவிட்டார். முகத்தைத் துடைக்கப் போன அம்மாவின் கையை இடது கையால் தள்ளினார். அம்மா சமையலறையில் போய் உட்கார்ந்து, அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அழுதாள். கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தோம். அதற்கு மேல் எங்களுக்கு நினைக்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்தது. சிதம்பரத்துக்கு எடுத்து வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டரை எடுத்து வா என்றால் சி.பி.யு. பெட்டியை மட்டும் எடுத்துப் போவதுதான் எல்லோருடைய வழக்கமும். மானிட்டரை யாரும் தூக்கிக்கொண்டு அலைவதில்லை, கடையிலேயே ஒன்று இருக்கும். ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியைப் போர்வையில் சுற்றி, மூட்டையாகக் கட்டினேன். அந்தக் கட்டிலுக்கு எதிரிலேயே வைத்துத்தான் கட்டினேன். அம்மாவும் பக்கத்திலேயே கம்மாபுரத்துக்கு எடுத்துப்போக வேண்டிய பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுச்சத்திரம் தாண்டி ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டேன். "என்னாம்மா, டிவியா?" என்று கண்டக்டர் கேட்டார். "எங்கப்பா வாயி" என்று சொல்லத் தோன்றியது. ஆமாம் டிவிதான் என்றேன்.

கடைக்காரர் பெட்டியைத் தன் மானிட்டரோடு இணைத்துப் போட்டார். கறுப்புத் திரை வந்தது. அடியில் நீலப் பட்டை, இடது மூலையில் பச்சை, வலது மூலையில் கடிகாரம், பக்கத்தில் 'அ'. எல்லாம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.

"என்னாங்க மேடம், நல்லாத்தான இருக்குது?"

"வீட்ல இல்லைங்க."

"வீட்ல இல்லாதது இங்க எப்பிடி வரும்?"

இருந்தாலும் அவர் என்னைச் சும்மா அனுப்பவில்லை. வைரஸ் இருக்கிறதா என்று தேடினார், பட்டை நகராமல் இருக்க ஏதோ பூட்டுப் போட்டேன் என்றார். நம்பிக்கையோடு வீட்டுக்கு வந்து, வேர்வை சொட்டச்சொட்ட ஒயர்களைச் செருகிப் போட்டேன். இல்லை. அதே கறுப்பு. பட்டை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மேஜையில் இரண்டு கையாலும் அடித்தேன்.

"கடையில என்னா சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"கடையில நல்லா இருக்குதும்மா. எல்லாமே வருது. இங்க வந்தாத்தான் இல்ல."

சத்தமாகத்தான் சொன்னேன். கட்டிலில் அப்பாவின் தோள் ஒரு முறை அசைந்தது. அவர் தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி மூட்டை, மறுபடி பஸ். கடையில் மறுபடி நீலப் பட்டை இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா மூன்று நாளாகத் தண்ணீர் தவிர ஒன்றும் இறக்கவில்லை, நாளைக்கு வேன் வருகிறது, அதற்குள் அவரை ஒரு வார்த்தையாவது பேச வைக்க வேண்டும் என்று முன்பின் தெரியாத மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைக்காரர் பயந்துபோனார். "ஒங்க வீட்டு வோல்டேஜ் கொறவா இருக்கும் மேடம்" என்றார். நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், எங்களுக்கா கரண்டு குறைவு என்று கத்தினேன். கடைசியில் அவர் கையில் இருந்த கடைசி வைத்தியத்தைச் சொன்னார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து புதிதாகப் போடுவது. அந்தக் காலத்தில் எந்த நோய்க்கும் அதுதான் மருந்து. "ஃபார்மட் பண்ணிட்டா எந்தப் பிரச்சினையும் இருக்காது. உள்ள எதுனா முக்கியமானது இருக்குதா?"

அப்பா அடித்ததெல்லாம் உள்ளே இருந்தது. அதை மட்டும் ஒரு சி.டி.யில் எழுதித் தரச் சொன்னேன். மற்றதெல்லாம் போனது. புதிதாகப் போட்டு, தமிழையும் போட்டு, கறுப்புப் பின்னணியும் வைத்து, சாயங்காலம் கையில் கொடுத்தார். நீலப் பட்டை புத்தம் புதிதாக இருந்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது ஊரில் உள்ள எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் போட்டேன். இல்லை.

அப்போது எனக்கு வந்த உணர்ச்சியை என்னவென்று சொல்வது? பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்ட பிறகும் இந்த அறைக்குள் வந்ததும் ஒரு பொருள் காணாமல் போகிறது என்றால், அறைக்குத்தான் ஏதோ பிடித்திருக்கிறது. நான் சாமி ஆடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற கணக்கு டீச்சர். அன்றைக்கு அந்தக் கட்டிலைச் சுற்றி எலுமிச்சம்பழம் அறுத்துப் போடலாமா என்று யோசித்தேன். கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து, "ப்பா, என்னால முடியலப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் முதுகுதான் தெரிந்தது. பனியனுக்குள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை வேன் கிளம்பிவிட்டதாக மாமா போன் செய்தார். அம்மா மிச்சம் மீதியை மூட்டை கட்டினாள். நான் கடைசித் தடவையாகக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

"அத அணைச்சுட்டுத் தள்ளு. தொடச்சிக் கட்டணும். சந்தனத்தோட எப்பிடிச் சாக்குல போடறது?" என்று ஈரத்துணியோடு வந்தாள். நான் அணைக்கவில்லை, நகரவும் இல்லை. அவள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்குக் கீழே சட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தான்கள் உண்டு. அம்மா அவை ஒவ்வொன்றின் மேலும் அச்சாக ஒரு பொட்டு வைத்திருந்தாள். சந்தனம் காய்ந்து இறுகிப் போயிருந்தது. துணிக்கு வராததால் நகத்தால் சுரண்டினாள்.

திரையின் நடுவில் திடீரென்று ஒரு சின்னப் பெட்டி தோன்றியது. அதற்குள் சில படங்களும் கோடுகளும். அம்மா அடுத்த பித்தானைச் சுரண்டினாள். பெட்டிக்குள் ஏதோ மாறியது. அடுத்ததைச் சுரண்டினாள். கறுப்பின் மேல் இருந்த படங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நூல் அளவு மேலே போயின.

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். நானே அந்தப் பித்தானை அமுக்கினேன். இன்னொரு நூல் மேலே. விடாமல் அமுக்கினேன். திரைக்கு அடியிலிருந்து ஒரு நீலக் கோடு எட்டிப் பார்த்தது. கோடு தடித்தது. பட்டையானது. இடது மூலையில் பச்சை, வலது மூலையில் கடிகாரம், பக்கத்தில் 'அ'.

எங்கேயும் போகவில்லை அது. கண்ணாடிக்குக் கீழே, விரற்கடை தூரத்தில், நாங்கள் இத்தனை நாள் அழுததையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. படம் மொத்தமும் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பின்னணி கறுப்பு என்பதால் மேலே விழுந்த இடைவெளி யார் கண்ணுக்கும் படவில்லை. இரண்டு முறை சிதம்பரத்துக்குச் சுமந்துபோன பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு இந்த மேஜையை விட்டு நகரவே இல்லை.

"பூச அன்னிக்குப் பொட்டு வைக்கறப்ப அழுத்தி வச்சிட்டேன் போலிருக்குதே" என்றாள் அம்மா. "அப்பவே என்னமோ ஒரு பொட்டி தெரிஞ்சிது. தானா போயிடுச்சு. நான் சாமி கும்புடற அவசரத்துல இருந்தேன்." அவள் முகம் வெளுத்துவிட்டது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேஜையைக் கட்டில் பக்கம் இழுத்தேன். "ப்பா, திரும்புங்கப்பா. வந்துடுச்சு. பாருங்க, 'அ' வந்துடுச்சு பாருங்க."

அவர் உடனே திரும்பவில்லை. தோளைப் பிடித்து நாங்கள் இருவரும் மெதுவாகப் புரட்டினோம். திரையைப் பார்த்தார். நீலப் பட்டையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு அம்மாவின் கையில் இருந்த ஈரத்துணியையும், அறை முழுக்கக் கட்டி வைத்திருந்த மூட்டைகளையும் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். இடது கை மெல்ல மவுஸைத் தேடியது. மூலையை அமுக்கினார். பக்கம் திறந்தது. 'அ'வை அமுக்கினார். மூன்று நாள் பட்டினிக்குப் பிறகும் ஒரு விசைகூடத் தப்பவில்லை. அடித்து முடித்து, கையை விசைப்பலகைக்கு மேலே கொஞ்சம் தூக்கி அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என்னா எழுதியிருக்காரு? படிடி" என்றாள் அம்மா. கண்ணில் நீர் நிறைந்ததால் அவளுக்கு எழுத்து தெரியவில்லை.

இரண்டே வரி. கோர்ட்டுத் தமிழ். நான் சத்தம் போட்டுப் படித்தேன்.

'கம்மாபுரம் வரச் சம்மதம். இனி நான் பேசலாமா?'

ஒரு நிமிஷம் எனக்கே விளங்கவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து விளங்கியது. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் என்ன பார்த்தார், என்ன கேட்டார் என்று. வரமாட்டேன் என்று சொன்னார், அம்மா அப்படிப் பேசினாள். மறுநாள் மெஷினைத் தொடக்கூடாது என்றாள். அவர் கண் முன்னாலேயே திரைக்கு அடியில் எதையோ அமுக்கினாள், படம் கீழே இறங்கியது. அதற்கு அடுத்த நாள் பட்டை இல்லை. மகள் பெட்டியை மூட்டை கட்டிக்கொண்டு போனாள், கடையில் எல்லாம் நன்றாக இருக்கிறது, இங்கேதான் இல்லை என்று வந்து சொன்னாள். நாங்கள் ரிப்பேர் ரிப்பேர் என்று சொன்னதை அவர் ஒரு தரம்கூட நம்பவில்லை. எதிர்த்துப் பேசியதற்காக நாங்கள் இருவரும் சேர்ந்து அவருடைய வாயை அடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்த்தபடி மூன்று நாள் கிடந்திருக்கிறார்.

வாசலில் வேனின் ஹாரன் கேட்டது. அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஆபீஸில் அடுத்து என்ன அடிப்பது என்று மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து நிற்பாரே, அப்படி.

"எங்கயும் போவலங்க" என்றாள் கடைசியில். "பேசுங்க. நீங்க பேசுங்க."

அதற்குப் பிறகுதான் அந்தக் கை விசைகளின் மேல் இறங்கியது.